கடலுக்குள் இறங்கும் கமராவைக் காப்பது எப்படி?

நிலத்தின் மேலுள்ள காட்சிகளைப் படம் பிடிப்பதற்குத் தேர்ந்த கண்ணும் நடுங்காத கையும் ஓரளவு பொறுமையும் இருந்தாற் போதும். கடலடியிற் படம் பிடிக்கப் புகுவோர்க்கோ இவற்றோடு இன்னுமொன்று வேண்டும். அதுதான் விழிப்பு. ஒளிப்படக் கருவி உப்புநீரைச் சிறிதும் பொறாத பொருள். அதனை உப்புநீரின் நடுவே கொண்டுசென்று வேலை வாங்குவது, எரியும் அடுப்பினருகே கற்பூரத்தைக் காப்பது போன்றதொரு முயற்சியாகும்.

நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவிலும், தெற்கே ஹிக்கடுவையிலும் முருகைக்கற் பாறைகளைக் காணச் செல்லும் இளைஞர் பலரின் கையில் இன்று நீருக்கடியிற் படம் பிடிக்குங் கருவியைக் காண்கிறோம். பல மாத வருவாயைச் சேமித்து வாங்கிய கருவிகள் அவை. அவற்றுட் சில முதல் நாளிலேயே நீர் புகுந்து பாழாகின்றன. இந்த இழப்பு விதியின் செயலன்று. ஓர் இறப்பர் வளையத்தின் இயல்பை அறிந்துகொண்டால் அதிற் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

முதற் படமும் முதற் கசிவும்

நீருக்கடியில் ஒளிப்படம் எடுக்கும் முயற்சி தொடங்கிய நாளிலேயே கசிவும் தொடங்கிவிட்டது என்பது வியப்புக்குரிய செய்தி. 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வெய்மத் விரிகுடாவிலே, வில்லியம் தொம்சன் என்னும் சட்டத்தரணி ஒரு மரப்பெட்டியின் முன்புறத்திற் கண்ணாடி பொருத்தி, அதனுட் கமராவை வைத்துக் கடலில் இறக்கினார். தாம் படகிலிருந்தவாறே கயிற்றை இழுத்து மூடியைத் திறந்தார். பத்து நிமிடம் சென்றபின் பெட்டியை மேலே எடுத்தபோது, அதனுள்ளே கடல் நீர் நிறைந்திருந்தது! எனினும், உள்ளேயிருந்த கண்ணாடித் தகட்டிற் கடலடிப் பாறைகளும் பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. வரலாற்றில் நீருக்கடியில் எடுக்கப்பட்ட முதற் படமாகக் கருதப்படுவது இதுவே.

1893ஆம் ஆண்டில் லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு உயிரியலறிஞர் பன்யூல்ஸ் என்னும் கடற்கரையூரிலே தாமே சுழியோடிப் படம் எடுத்தார். ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கம் பேழையை நெருக்கும் என்பதை உணர்ந்த அவர், காற்று நிரம்பிய இறப்பர்ப் பையொன்றைப் பேழையோடு இணைத்தார். கடல் பையை நெருக்க, அதிலிருந்த காற்று பேழைக்குள் ஏறி, உள்ளும் புறமும் அமுக்கம் சமமாயிற்று. நீரோடு மல்லுக்கு நிற்காமல் அதன் வலிமையையே தனக்குத் துணையாக்கிக் கொள்ளும் இந்த எண்ணம், இன்றைய கருவிகளிலே வேறொரு வடிவில் வாழ்கிறது. அதனைக் கீழே காண்போம்.

இலங்கைக் கடலிலே

1956ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க் என்ற எழுத்தாளரும் மைக் வில்சன் என்ற ஒளிப்படக் கலைஞரும் இலங்கைக்கு வந்து, நமது கடல்களிற் சுழியோடத் தொடங்கினர். திருக்கோணமலையிற் சுவாமிமலையின் அடியிலே, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் கற்றூண்கள் கடலடியிற் கிடப்பதை அவர்கள் கண்டனர். வழிவழியாகக் கேட்டுவந்த செய்தியைப் படமாகவே பார்ப்பதற்கு நீர் புகாத கமரா உதவியது. அக்காலத்துக் கமராவில் ஒரு சுருளுக்குச் சில படங்களே எடுக்கலாம். பேழையில் நீர் புகுந்தாற் கமராவோடு அப்படங்களும் போய்விடும்.

1957ஆம் ஆண்டளவிற் பெல்ஜிய நாட்டுப் பொறியியலாளரான ஜான் டி வூட்டர்ஸ் என்பவர், கடலாய்வாளர் கூஸ்தோவுக்காகத் தனிப் பேழை வேண்டாத கமரா ஒன்றை அமைத்தார். கமராவின் உடலே நீர் புகாதபடி இறப்பர் வளையங்களால் அடைக்கப்பட்டிருந்தது. அதன் உரிமையை யப்பானிய நிறுவனமொன்று பெற்று, 1963 முதல் ‘நிக்கோனொஸ்’ என்ற பெயரில் விற்றது. 2001இல் அதன் உற்பத்தி நின்றது. இன்று பெரும்பாலோர் கையாள்வது இலத்திரனியல் கமராவை உள்ளடக்கிய நீர்புகாப் பேழையாகும். கருவி எத்துணை மாறினும், நீரைத் தடுத்து நிற்பது அன்றும் இன்றும் அதே இறப்பர் வளையந்தான்.

வளையத்தின் இரகசியம்

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அதாவது, ஒரு சதுர சென்ரிமீற்றரின் மேல் ஒரு கிலோகிராம் நிறை அழுத்துவதற்கு ஒப்பாகும். பேழையின் பின்கதவு 20 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் உடையதெனக் கொள்வோம். அதன் பரப்பு 300 சதுர சென்ரிமீற்றர். 30 மீற்றர் ஆழத்தில் அக்கதவைக் கடல் 900 கிலோகிராம் பாரத்தோடு அழுத்தும். முக்கால் தொன்னுக்கும் மேலான இச்சுமையைத் தாங்கிக்கொண்டு, விரலளவு தடிப்புமில்லாத வளையம் எங்ஙனம் நீரைத் தடுக்கிறது?

வளையம் ஒரு பள்ளத்துள் இருத்தப்பட்டிருக்கிறது. கதவை மூடும்போது அது சற்றே நசுங்கி, இருபுறமும் ஒட்டிக்கொள்கிறது. கடல் நீர் வெளியேயிருந்து தள்ளுந்தோறும் வளையம் பள்ளத்தின் மறுபக்கத்தோடு நெருங்கி, உருமாறி, இடைவெளியை மேலும் இறுக அடைக்கிறது. தள்ளும் நீரே தன் வழியை அடைத்துக்கொள்கிறது எனலாம். பூத்தான் கையாண்ட உபாயத்தை ஈண்டு மறுபடியும் காண்கிறோம் அன்றோ?

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். ஆழத்தைக் காட்டிலும் மேற்பரப்பே சிலபோது அபாயமானது. அரை மீற்றர் ஆழத்தில் முற்கூறிய கதவின் மேல் விழும் பாரம் 15 கிலோகிராம் மாத்திரமே. அங்கே வளையத்தை இறுக்குவதற்குக் கடலின் துணை போதாது. அத்துடன் அலையின் மோதலும், படகிலிருந்து குதிக்கும்போது ஏற்படும் அதிர்வும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே கமராவைக் கையிற் பிடித்துக்கொண்டு கடலிற் குதித்தலாகாது. முதலில் நாம் இறங்கிப் பின்பு படகிலுள்ளவரிடமிருந்து அதனை வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். மேற்பரப்பினருகிலேயே ஒரு நிமிடம் நின்று, பேழையிலிருந்து நீர்க்குமிழிகள் தொடர்ச்சியாக எழுகின்றனவா என்று பார்த்தபின்னரே ஆழத்துக்குச் செல்க.

வளையம் தன் தொழிலைச் செய்வதற்கு அது மென்மையாக இருத்தல் இன்றியமையாதது. 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி அமெரிக்காவின் ‘சலஞ்சர்’ விண்கலம் வெடித்துச் சிதறி எழுவர் மாண்டதை மூத்த வாசகர் மறந்திரார். கடுங்குளிரில் விறைத்துப்போன இறப்பர் வளையமே அதற்குக் காரணம் என்பதை, இயற்பியலறிஞர் றிச்சார்ட் ஃபைன்மன் ஒரு குவளைப் பனிநீரில் வளையத் துண்டை அமிழ்த்திக் காட்டினார். நமது நாட்டில் இறப்பரை விறைக்கச் செய்யும் குளிரில்லை. ஆயினும் வெயிலும் முதுமையும் உப்பும் சேர்ந்து இறப்பரை வெடிக்கச் செய்யும், தட்டையாக்கிவிடும். ஆதலாற் பல தயாரிப்பாளர் ஆண்டுக்கொருமுறை புதிய வளையம் இடுமாறு அறிவுறுத்துகின்றனர்.

ஒரு மயிரிழை

நிலாவெளியிற் சுழியோடுவோர்க்கு வழிகாட்டியாகத் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவரைச் சென்ற விடுமுறையிற் கண்டேன். அன்று காலை பயணியொருவரின் கமராவில் நீர் புகுந்துவிட்டது. மாணவர் அதன் பேழையைத் திறந்து, வளையத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். அவ்விடத்திலே ஒரேயொரு தலைமயிர் வளையத்தின் குறுக்கே கிடந்தது.

“சேர், இது கடலிலை கெடேல்லை. இராத்திரி மேசையிலையே கெட்டுப்போச்சு” என்றார் அவர்.

பொருள் பொதிந்த சொல் அது! வளையம் எத்துணை மென்மையாயினும், தன் குறுக்கே கிடக்கும் மயிரின் இருமருங்கும் தோன்றும் நுண்ணிய இடைவெளியை நிரப்ப அதனால் இயலாது. அமுக்கம் மிகுந்த நீருக்கு அவ்வழியே போதும். மணலொரு துகள், துவாலையின் நூலொன்று, காய்ந்த உப்பின் ஒரு பளிங்கு ஆகிய எதுவும் அத்தொழிலைச் செய்யும். எனவே காப்பு வேலையின் பெரும்பகுதி கடலுக்குச் செல்லுமுன், நல்ல வெளிச்சமுள்ள மேசையின் முன்னமர்ந்து, அவசரமின்றிச் செய்யவேண்டியதாகும்.

முதல் நாள் இரவு

மேசையைத் துடைத்துக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்திய பின் வேலையைத் தொடங்குக. மின்விசிறியை நிறுத்திவிடுவது நன்று. அது தூசியையும் மயிரையும் கொண்டுவந்து சேர்க்கும். வளையத்தைக் கழற்ற ஊசி, கத்தி போன்றவற்றைக் கையாளலாகாது. இரு விரல்களால் வளையத்தை ஒருபுறமாகத் தள்ளினால் அது வளைந்து மேலெழும். எழாவிடின் மழுங்கிய பிளாஸ்திக் அட்டையொன்றின் முனையால் நெம்பி எடுக்கலாம். இழுத்து நீட்டுதல் கூடாது. நீண்ட வளையம் பள்ளத்துள் மீண்டும் ஒழுங்காக அமையாது.

கழற்றிய வளையத்தை நூல் உதிராத மெல்லிய துணியாலே துடைத்து, விளக்கின் முன் பிடித்து, வெட்டோ வெடிப்போ உண்டாவெனச் சுற்றிலும் நோக்குக. கண்ணுக்குத் தப்புவது விரல்நுனிக்குத் தப்பாது. பின்பு பள்ளத்தையும், வளையம் வந்து பொருந்தும் எதிர்ப்பக்கத்தையும் துடைத்தல் வேண்டும். பஞ்சினாற் துடைப்போர் பஞ்சின் இழை தங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்தது மசகு பூசுதல். மசகு நீரைத் தடுப்பதற்கென்று எண்ணி அதனை அப்பி வைப்போர் பலர். நீரைத் தடுப்பது வளையமே. வளையம் வழுக்கி இடத்தில் அமைவதற்கும், இறப்பர் வறண்டு போகாதிருப்பதற்குமே மசகு வேண்டப்படுகிறது. வளையம் பளபளக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சே போதும். மிகுந்தால் மணலையும் தூசியையும் ஈர்த்துப் பிடிக்கும். கருவியைச் செய்தவர் எந்த மசகைக் கொடுத்தாரோ அதனையே பயன்படுத்துக. சிலிக்கோன் இறப்பராலான வளையத்துக்குச் சிலிக்கோன் மசகைப் பூசினால் அது ஊதிப் பெருத்துவிடும். வாசலின், தேங்காயெண்ணெய், இயந்திர எண்ணெய் ஆகியன அறவே வேண்டா.

எல்லாம் முடிந்தபின், கமராவை உள்ளே வையாமல் வெறும் பேழையை மூடி, வாளி நீரில் அமிழ்த்திச் சோதித்தல் சாலச் சிறந்தது. உள்ளே உலர்ந்த மென்தாள் ஒன்றை வைத்து, பேழை மிதவாதபடி மேலே பாரமேற்றி, அரைமணி நேரம் விட்டுவைக்க. தாள் நனையாதிருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். விலையுயர்ந்த பேழைகள் சிலவற்றிற் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் சிறு பம்பியும், உள்ளமுக்கத்தை அளக்கும் கருவியும் இருக்கின்றன. அடைப்புச் சரியாயின் பச்சை விளக்கு எரியும். காற்று உட்புகுந்தால் விளக்கு நிறம் மாறி எச்சரிக்கும். கடலில் இறங்குமுன்னரே கசிவை அறியவுதவும் இவ்வமைப்புப் போற்றத்தக்கது.

உள்ளே படியும் ஆவி

ஒரு துளி கடல் நீரும் புகாமலே வில்லையின் முன் மூடுபனி படிந்து படங்களைக் கெடுப்பதுண்டு. நமது கரையோரக் காற்றில் ஈரப்பதன் மிகுதி. அக்காற்றைப் பேழைக்குள் அடைத்துக் கடலுக்குக் கொண்டுசென்றால், குளிர்ந்த கண்ணாடியில் நீராவி ஒடுங்கித் துளியாகிறது. குளிர்ந்த பானம் நிறைந்த குவளையின் புறத்தே துளிகள் அரும்புவதும் இதனாலேயே. குளிரூட்டிய அறையிலுள்ள காற்று ஈரங் குறைந்தது. எனவே பேழையை அங்கேயே மூடி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்துவிட்டால் இத்தொல்லை நீங்கும். பொட்டலத்தின் நுனி வளையத்தினிடையே அகப்பட்டுக் கொள்ளாதபடி காண்க. படகில் இருக்கும்போது பேழையை வெயிலிற் காயவிடாமல் ஈரத் துவாலையால் மூடிவைப்பது முறை.

கரைக்கு வந்தபின்

ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் காய்ந்தபின் இவ்வுப்பு பேழையின் இடுக்குகளிலும் பொத்தான்களின் அடியிலும் பளிங்காகப் படிகிறது. ஒவ்வொரு பொத்தானின் தண்டிலும் சின்னஞ்சிறு வளையம் ஒன்றுண்டு. பொத்தானை அமுக்குந்தோறும் உப்புப் பளிங்கு அவ்வளையத்தை அராவும். காய்ந்து இறுகிய உப்பைக் கரைப்பது கடினம். ஈரமாயிருக்கும்போதே நீக்குவது எளிது. எனவே கரையேறியவுடன், பேழையைத் திறவாமலே நன்னீரில் அரைமணி நேரம் ஊறவிடுக. நீருக்குள் இருக்கும்போதே பொத்தான்கள் யாவற்றையும் பலமுறை அமுக்கி, திருகிகளைத் திருப்பினால், உள்ளே தங்கிய உப்பு வெளியேறும். உடனே நன்னீர் கிடையாத இடத்தில், ஈரத் துணியிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம். குழாயின் நீரை வேகமாகப் பாய்ச்சுவது தவறு. அது வளையத்தைப் பக்கவாட்டிலே தள்ளி நீரை உள்ளே செலுத்திவிடக்கூடும்.

அலுமினியப் பேழைக்கு இன்னொரு கவனம் வேண்டும். அலுமினியமும் உருக்குத் திருகாணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் இருந்தால், அவ்விரண்டும் ஒரு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்படும். இது பற்றியே படகுகளின் அடியில் நாகத் துண்டைப் பொருத்துவதைப்போலச் சில பேழைகளிலும் நாகத் துண்டைப் பொருத்துகின்றனர். அலுமினியத்துக்குப் பதிலாக நாகம் கரைந்துபோகும். அது தேய்ந்தால் மாற்றிவிடவேண்டும்.

பேழையைத் திறக்குமுன் புறத்தை நன்றாகத் துடைத்துத் தலைமயிரையும் சட்டைக் கையையும் உலர்த்திக்கொள்க. கடலின் 30 மீற்றர் ஆழத்திற் புகாத நீர், நனைந்த தலையிலிருந்து கமராவின் மேற் சொட்டிய கதைகள் பல உண்டு. கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் துளிகள் கீழ்நோக்கி விழும்படி பேழையைச் சாய்த்துப் பிடித்துத் திறத்தல் வேண்டும். வெயிற் பூச்சு, நுளம்புத் தைலம் ஆகியன பூசிய கையாற் பேழையைத் தொடுவதைத் தவிர்த்துக்கொள்க. நுளம்புத் தைலங்களிற் சில பிளாஸ்திக்கையே கரைக்கும் இயல்புடையன.

பல மாதம் பயன்படுத்தாது வைக்கும்போது கதவை இறுகப் பூட்டிவையாதீர்கள். நசுங்கியவாறே கிடக்கும் வளையம் மீளாத தட்டை வடிவம் பெறும். வளையத்தைக் கழற்றிச் சுத்தமான பையில் இட்டு, பேழையினுள்ளேயே வைத்துவிடுவது நல்ல வழக்கம். விமானத்திற் கொண்டுசெல்லும்போதும் பேழையைப் பூட்டாமல் வைத்தல் வேண்டும். அன்றேல் அமுக்க வேறுபாட்டினாற் கதவு இறுகிக்கொள்ளும்.

நீர் புகுந்துவிட்டால்?

எத்துணை விழிப்பாயிருந்தும் நீர் புகுந்துவிட்டது, என்செய்வது? முதலாவதாக, உம்முடைய உயிரே பெரிது. பதற்றத்தில் ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுதல் மரணத்தை விளைக்கும். வழக்கமான நிதானத்தோடே வருக. மேலே வந்ததும் கமராவை இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குக. ஈரத்தில் மின்னோட்டம் பாயும்போதே பெருஞ்சேதம் விளைகிறது.

மின்கலம் உப்புநீரிற் பட்டால் வாயு உண்டாகி உள்ளமுக்கம் ஏறுவதுண்டு. ஆதலால் முகத்துக்கு நேரே பிடித்துத் திறவாமல், வேறு திசைநோக்கித் திருப்பிப் பிடித்துத் திறக்கவேண்டும். நனைந்த இலிதியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றவுங் கூடும். அதனை எடுத்து, வெட்டவெளியில், எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்துவிடுக, மீண்டும் மின்னேற்றற்க. பின்னர் நினைவட்டையை எடுத்து நன்னீரிற் கழுவி, முற்றாக உலர்த்துக. உப்புநீரில் நனைந்த இலத்திரனியல் கமரா பிழைப்பது அரிது. ஆனால், நினைவட்டையிலுள்ள படங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தொம்சனின் நனைந்த தகட்டிலே படம் எஞ்சியதுபோல! கருவியை அரிசிக்குள் புதைத்து வைக்கும் வீட்டு வைத்தியத்தாற் பயனில்லை. அரிசி உப்பை எடுப்பதில்லை. அதன் மாவும் துகளுமோ கருவிக்குள் சென்றடையும்.

கைத்தொலைபேசியோடு கடலாடுவோர்க்கும் ஒரு சொல். ‘நீர் புகாதது’ என்று அதன்மேற் பொறித்திருக்கும் தரக்குறி, புதிய கருவியை அசைவற்ற நன்னீரிற் சோதித்ததன் முடிவாகும். கடலுப்பும் அலையின் மோதலும் அச்சோதனையிற் சேரா. பலமுறை கீழே விழுந்து பழகிய தொலைபேசியின் அடைப்பு முன்போல் இராது. நீராற் கெட்ட தொலைபேசியைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதுமில்லை. கடலிற் படம் எடுக்க விரும்பினால் அதற்கென அமைந்த பேழையிலிட்டே கொண்டுசெல்க.

இத்துணை சிரமம் எதற்கு?

பொழுதுபோக்குக்கு எடுக்கும் படங்களுக்கு இத்துணை முயற்சி வேண்டுமா என்று கேட்போர் உளர். 1998ஆம் ஆண்டிற் கடல் நீர் வெப்பமேறியதால் இலங்கையைச் சூழ்ந்த முருகைக்கற்களிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. ஹிக்கடுவையின் முருகைத் தோட்டம் அதற்குமுன் இருந்த நிலையை இன்று நாம் அறிவதற்கு, அன்று சிலர் எடுத்த படங்களே கண்கண்ட சான்றாக இருக்கின்றன. அவர்களுள் எவரும் வரலாற்றுச் சான்று தேடிக் கடலில் இறங்கியிருக்க வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளில், அழகாயிருந்ததைப் படமெடுத்தனர்; அவ்வளவே.

நாளை நீங்கள் புறாத்தீவின் அருகே எடுக்கும் படமும் அத்தகையதாகலாம். அந்த மீனும் அந்தக் கல்லும் மறுமுறை செல்லும்போது அங்கே இருக்குமென்பது நிச்சயமன்று. கமரா போனால் வேறொன்று வாங்கலாம். படத்தை எங்கே போய் வாங்குவது? ஆதலால், கடலுக்குப் போகும் நாளின் முன்னிரவில் ஒரு பத்து நிமிடத்தை அந்த இறப்பர் வளையத்துக்கென ஒதுக்கிவையுங்கள். விளக்கை அருகே இழுத்து வைத்து, விரல்நுனியால் அதனை ஒருமுறை சுற்றிவந்தபின் உறங்கச் செல்லுங்கள்.